பை-டூ டீயும் ஸ்டீபன் சாரும்

1

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் யாரும் என்னை வெளிநாட்டில் இருப்பவள் என்று சொல்லமாட்டார்கள். காலையில் பெங்களூரில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருக்கலாம். துபாய்க்காரர் வந்தால் செண்ட் பாட்டில் வரும். நான் வந்தால் வருவது ஒரு பெட்டி மைசூர்பாகு, அதுவும் வழியிலேயே நசுங்கியிருக்கும். அதனால் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். என் மகள் இனியாவின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள். திருத்த, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பலகையெல்லாம் கன்னடம். கூட்டம் குறைவாக இருந்த வரிசையில் சாமர்த்தியமாகப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள், யார் தவறிவிட்டார் என்று பரிவோடு கேட்டபோதுதான் தெரிந்தது, அது இறப்பைப் பதிவு செய்யும் வரிசை. நான் திருதிருவென்று விழிக்க, இனியா பலகையைக் கன்னடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. எனக்குத் தெரியாத எழுத்து அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. இதற்குத் துபாய் வரைக்கும் போகவேண்டிய அவசியமில்லை.

இப்போது அவள் பியுசி முதல் வருடம், நம் ஊரில் பிளஸ் ஒன். தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். போன வருடம் வரை பேச்சாவது இருந்தது. இப்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் ஒரே பதில். சாப்பிட்டியா? ம். நாளைக்கு டெஸ்ட்டா? ம். அவள் அப்பா வேலைக்காக மாதத்தில் பாதி நாள் புனேவில் இருப்பவர். எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடியில், இத்தனை உயரத்தில் எங்கள் வீட்டில் அதிகம் சத்தம் போடுவது வாஷிங் மெஷின்தான்.

2

இப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் நான் போனில் ஒரு டீக் குழுவுக்கு அட்மின் ஆனதில் ஆச்சரியம் என்ன?

வேடிக்கை என்னவென்றால், ஊரில் இருந்தவரை நான் டீக்கடையில் நின்று டீ குடித்ததே இல்லை. டீக்கடை ஆண்களுடையது. எங்களுக்கு டீ தூக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கு வரும், ஆடை கட்டி, பாதி ஆறி. ரோட்டோரம் நின்று சுடச்சுடக் கிளாஸைப் பிடித்துக் குடித்தது இந்த ஊருக்கு வந்த பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்த பெண் கவுண்டரில் "பை-டூ" என்றாள். ஒரு டீ வாங்கினால் அதையே இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். அடக் கஞ்சமே என்றுதான் முதலில் நினைத்தேன். போகப்போக எனக்கே அது பிடித்துவிட்டது. பை-டூ கேட்கவேண்டுமானால் கூட ஒரு ஆள் வேண்டும். தனியாகப் போய் நின்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் குழுவின் பெயர் 'நாலு மணி டீ'. ஊரடங்குக் காலத்தில், எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியபோது, அலுவலக நண்பர் செந்திலும் நானும் போனில் ஆரம்பித்தோம். நாலு பேரில் தொடங்கி இப்போது நானூறு ஐநூறு பேர், எல்லோரும் பெங்களூர்த் தமிழர்கள். ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை இருக்கிறார்கள். வழக்கம் ஒன்றுதான். மாலை நாலு மணிக்கு அவரவர் டீயைப் படம் எடுத்துப் போடவேண்டும், எப்படிப் போட்டது என்று ஒரு வரி எழுதவேண்டும். அரசியல் கூடாது, சாமி கூடாது, காலை வணக்கம் கூடாது. அந்த நேரத்தில் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் என் கை போனுக்குப் போய்விடும்.

இதற்குள்தான் ஸ்டீபன் சார் வந்து சேர்ந்தார்.

3

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பவர், பல தலைமுறையாக இந்த ஊர்தான், ஃபாக்டரியில் இருந்து ரிடையர் ஆனவர் என்று தன்னைப் பற்றி மூன்று தகவல் தந்தார். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் எழுதிய எல்லாமே "இல்ல" என்றுதான் தொடங்கும்.

ஒருவர் இஞ்சியைத் துருவிப் போட்டேன் என்று எழுதினால், "இல்ல. துருவினால் கசக்கும். நசுக்கித்தான் போடவேண்டும்." சரி, பெரியவர் சொல்கிறார் என்று இன்னொருவர் இரண்டு நாள் கழித்து நசுக்கிப் போட்டுப் படம் காட்டினால், "இல்ல. நசுக்கினால் நார் நாராக வாயில் மாட்டும். துருவுவதுதான் முறை." டீத்தூளைப் பாலோடு கொதிக்கவிட வேண்டும் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டுவார். அடுத்த வாரம், பாலோடு கொதிக்கவிடுகிறவனுக்கு நாக்கே கிடையாது என்பார். யாராவது பதில் சொன்னால் போச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, சளைக்காமல், நிறுத்தற்குறி எல்லாம் போட்டுப் பதில் வரும்.

அவர் போடும் படம் என்றைக்கும் ஒன்றேதான். இரண்டு கிளாஸ், இரண்டிலும் அரை அரை டீ. "ரெண்டாவது கிளாஸ் யாருக்கு சார், மனசாட்சிக்கா?" என்று ஒரு பையன் கிண்டலாகக் கேட்டான். "எதிர்க்கட்சிக்கு" என்று பதில் போட்டார். எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

செந்திலுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மனுஷன் ஒரு கருத்திலாவது நிற்கிறாரா, சண்டைக்காகவே சண்டை போடுகிறார் என்று பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து எனக்கு அனுப்புவான். அவன் சொல்வதில் தப்பில்லை. எனக்கும் பல நாள் ரத்தம் கொதித்திருக்கிறது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது ஸ்டீபன் சாரின் இஞ்சிப் பதிவைப் பொறுக்கமாட்டாமல் வாய்விட்டுப் படித்தேன். இனியா ஒரு காதிலிருந்து மட்டும் அந்தக் கருவியைக் கழற்றினாள். "அப்பறம்? அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்றாள். அதையும் படித்தேன். மறுநாள் அவளே கேட்டாள்: "இன்னிக்கு இல்ல அங்கிள் என்ன சொன்னாரு?" பெயரே வைத்துவிட்டாள். அதிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் நான் படிப்பேன், அவள் கேட்பாள். சில நாள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்வாள். என் மகள் உட்கார்ந்து கேட்கும் தமிழ், ஒரு சண்டைக்காரர் டீயைப் பற்றி எழுதுவது. கொடுத்துவைத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டேன், பாதி கேலியாக, பாதி நிஜமாக.

4

திவ்யா என்றொரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். படிப்பு முடிந்து வேலைக்கு வந்து பிஜியில், அதாவது பெண்கள் விடுதியில், தங்கியிருப்பவள். அங்கே சமைக்கக் கூடாது என்பதால் கரண்ட் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, பால் பவுடர் கரைத்து, டீ பேக்கை முக்கி, ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுத்திருந்தாள். "நானே போட்ட முதல் டீ" என்று எழுதியிருந்தாள்.

"இல்ல. இது டீயே இல்ல. டீ பேக் குளித்த வெந்நீர்" என்றார் ஸ்டீபன் சார்.

நாலைந்து பேர் அவள் பக்கம் பேசினார்கள். அவர் விடவில்லை. கெட்டில், பவுடர், பேக் மூன்றையும் தனித்தனியாகப் பிடித்துக் கிழித்தார். திவ்யா "சாரி" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. பிஜியில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அவர் எழுத முடியாதபடி நிறுத்திவைத்தேன். படிக்கலாம், எழுத முடியாது. நாங்கள் இருக்கும் ஆப்பில் அட்மினுக்கு அந்த வசதி உண்டு. அந்த வாரம்தான் குழுவின் பிறந்தநாள் வேறு. "பிறந்தநாள் பரிசா அந்த ஆள ஒரேயடியா எடுத்துடலாம்க்கா" என்றான் செந்தில். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

சாப்பாட்டில் இனியா கேட்டாள், இல்ல அங்கிள் வரவில்லையா என்று. நிறுத்திவைத்திருக்கிறோம், அந்தப் பெண்ணை அழவைத்துவிட்டார் என்றேன். ஓ என்றாள். அவர் செய்தது தப்புதான் என்றும் சொன்னாள். பிறகு அந்தக் கருவி காதுக்குப் போய்விட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து எனக்கு ஒரு போன். ஸ்டீபன் சார்தான். குழுவில் என் நம்பர் இருக்கிறது. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தபடி எடுத்தேன்.

"ஏம்மா, நம்ம போன்ல ஏதோ பேஜாரு பண்ணுது. எல்லாரும் எழுதறது வருது. நான் எழுதினா போவ மாட்டேங்குது. கடையில காமிச்சேன். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு புதுசா ஏத்திக் குடுத்தான். அப்பவும் போவல."

தன்னை யாராவது நிறுத்திவைப்பார்கள் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, நேரில் வருகிறேன் என்றேன். "டீ டைமுக்கு வாம்மா" என்றார் சந்தோஷமாக. செந்திலிடம் சொன்னேன். நேரில் சொல்வதும் நல்லதுதான், சொல்லிவிட்டு அங்கேயே எடுத்துவிடுங்கள் என்றான்.

5

சனிக்கிழமை. எங்கள் வீட்டிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் போவது ஊருக்குப் போவது மாதிரி. சில்க் போர்டு நெரிசலில் நின்றபடி, என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். கன்னடம் பேசும் இடத்தில் தமிழிலும், தமிழ் பேசும் இடத்தில் இங்கிலீஷிலும் தடுமாறுகிறவள் நான். கண்டிப்பாகப் பேசுவது எந்த மொழியிலும் வராது.

தெருமுனைக் கடையில் காத்திருந்தார். ஒல்லி, இஸ்திரி கலையாத சட்டை. பதிவுகளைப் படித்து நான் கற்பனை செய்திருந்த மீசை இல்லை. கடைக்காரரிடம் கன்னடத்தில் ஒரு பை-டூ, ஒரு முழு டீ என்றார். முழு டீ எனக்கு. மூன்று கிளாஸையும் கம்பி ஸ்டாண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு, "வாம்மா, சும்னே இங்க நின்னு குடிக்க வேணாம்" என்று ஒரு சந்துக்குள் நடந்தார். கிளாஸை வெளியே எடுத்துப் போகிறாரே என்று நான் பார்க்க, கடைக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கம் போலிருக்கிறது.

சந்தில் ஒரு சின்ன வீடு. வாசலை ஒட்டி நாற்காலியில் ஒருவர். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. பின்னால் சுவரில் புத்தர் படம். "இவன் கோவிந்து. கோவிந்தராஜ். நானும் இவனும் ஒரே ஃபாக்டரி, ஒரே ஷிஃப்ட்" என்றார் ஸ்டீபன் சார். பாதி டீயை அவர் இடது கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். எங்கள் குழுவில் அன்றைக்கு வந்திருந்ததைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏலக்காயை உரிக்காம முழுசா போட்டேன்னு ஒருத்தன் எழுதறான்டா."

கோவிந்தராஜ் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இல்ல" என்றார்.

"ஏன்டா இல்ல? தோல்லதான வாசம்?"

"இல்ல." இந்தத் தடவை கொஞ்சம் காட்டமாக.

"விதையிலங்கிறான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்டீபன் சார் தட்டச்சு செய்யப் போனார். போகாது என்று நினைவு வந்து போனைக் கீழே வைத்தார்.

உள்ளேயிருந்து கோவிந்தராஜின் மனைவி சரோஜா அம்மா வந்து உட்கார்ந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போன கதையை அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்ததாம், இல்ல. பசிக்கும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான், வேண்டும் என்பதற்கும் அதுதான். நல்லவேளை, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே வார்த்தை, பிஸியோ பார்க்க வரும் பையனுக்கும் புரிகிறது என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உங்க குரூப்புல பாதி சண்டை எங்க வூட்டுக்காரரு போடறதும்மா. திட்டு மட்டும் ஸ்டீபன் அண்ணனுக்கு விழுது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நசுக்கிய இஞ்சி ஒருவருடையது, துருவிய இஞ்சி மற்றவருடையது. ஒருவர் பாலோடு கொதிக்கவைக்கிற கட்சி, ஒருவர் எதிர்க்கட்சி. ஃபாக்டரி கேண்டீனில் வேலைக் காலம் முழுக்க ஒரு டீயைப் பாதியாக்கிக் குடித்தபடி இந்தச் சண்டையைப் போட்டவர்கள். டீ, கிரிக்கெட், கர்த்தர், புத்தர் எதையும் விடவில்லை. கோவிந்தராஜ் வாய் மூடியதும், எந்த விஷயத்துக்கு அவர் என்ன சொல்வார் என்று தெரிந்த ஒரே ஆள், அவர் சொல்வதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் வந்த காரியத்தைச் சொல்லாமல் போகமுடியாது. அந்தப் பெண் திவ்யா போய்விட்டாள், அதனால் உங்களை நிறுத்திவைத்தது நான்தான், போனில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டீபன் சார் கண்ணாடியைக் கழற்றினார். தன்னை நிறுத்தியது அவருக்கு உறைக்கவே இல்லை. "போயிடுச்சா அந்தப் பொண்ணு?" என்றார். "வெந்நீர்னு நான்தாம்மா எழுதினேன். அது இவன் சொன்னதில்ல. திருப்பி நாலு கேக்கும், நாளைக்கு வேற டீ போட்டுக் காமிக்கும்னு பாத்தேன். போயிடும்னு தெரியாதும்மா."

சண்டை போட்டால் போய்விடமாட்டார்களா என்று கேட்டேன்.

"எங்களுக்கு அப்படி இல்லம்மா. ஃபாக்டரி சங்கு ஊதினதும் சண்டைய பாதில விட்டுட்டு எந்திரிச்சுடுவோம். அப்பதான் மறுநாள் வருவான், மிச்சத்தப் பேச. தீந்து போச்சுன்னா எதுக்கு வருவான்?"

எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் மிச்சம் இருப்பதில்லை. ம் என்றால் அங்கேயே முடிந்துவிடுகிறது.

"இந்தம்மா நம்மள நிறுத்தினது தப்புங்கிறேன். நீ என்னடா சொல்ற?" என்றார் ஸ்டீபன் சார், நண்பரிடம்.

கோவிந்தராஜ் என்னைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "இல்ல" என்றார்.

"நீ பண்ணது சரிங்கிறான். எதிர்க்கட்சி" என்றார் ஸ்டீபன் சார்.

6

அங்கேயே உட்கார்ந்து, அவர் எழுத முடியாதபடி போட்டிருந்த பூட்டை எடுத்துவிட்டேன். ஒரு ஏற்பாடும் பேசிக்கொண்டோம். இனி யார் கருத்தோ அவர் பெயரின் முதல் எழுத்து கடைசியில் இருக்கவேண்டும், ஸ் அல்லது கோ. குழுவுக்கு விஷயத்தைச் சொல்லவும் சரோஜா அம்மா சம்மதித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே எழுதிப் போட்டேன். செந்தில் எனக்குத் தனியாக, "பேசாம ரெண்டு பேரையும் சேத்துட்டோம்னு சொல்லுங்கக்கா" என்று அனுப்பினான்.

ஸ்டீபன் சாரின் முதல் பதிவு திவ்யாவுக்கு. "கெட்டிலில் போட்டாலும் டீ டீதான். நான் எழுதியது தப்பு. — ஸ்." கொஞ்ச நேரத்தில் அதே கணக்கிலிருந்து இன்னொன்று: "இல்ல. — கோ." குழுவே சிரித்தது. நான் அதைத் திவ்யாவுக்கு அனுப்பிவைத்தேன். பார்க்கலாம் அக்கா என்று பதில் போட்டாள். இன்னும் வரவில்லை. அந்தப் பெண் வந்துவிட்டதா என்று ஸ்டீபன் சார் என்னை அடிக்கடி கேட்கிறார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது இனியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிட்டாள். கோவிந்தராஜின் முகம் எப்படி இருந்தது, சிரிப்பாரா, நாம் சொல்வது அவருக்குப் புரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் புரியும் என்றேன்.

இது நடந்து சில வாரம் ஆகிறது. நேற்று சர்க்கரையை எப்போது போடுவது என்று சண்டை. முதலிலேயே போடவேண்டும் என்பது கோ. நான் படித்து முடிப்பதற்குள் இனியா என் கையிலிருந்து போனை வாங்கினாள். எழுத வராது. குரலாகப் பதிவு செய்தாள்.

"அங்கிள், சர்க்கரை லாஸ்ட்டாதான் போடணும். முதல்லயே போட்டா யாருக்கு எவ்ளோ வேணும்னு எப்படித் தெரியும்? லாஜிக்கா சொல்லுங்க."

மகள் ஒரே மூச்சில் இவ்வளவு தமிழ் பேசி எத்தனை நாளாயிற்று. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, அதுவும் குரலாக. முதலில் ஒரு கனமான மூச்சு. பிறகு, "இல்ல." பின்னணியில் ஸ்டீபன் சார் சிரிப்பதும் கேட்டது.

இனியா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "அம்மா, நான் சொன்னதுதான் கரெக்ட். இன்னொரு பாயிண்ட் இருக்கு. சொல்லட்டா?"

வேண்டாம் என்று போனை வாங்கி வைத்தேன்.

"ஏம்மா?"

"நாளைக்குச் சொல்லு" என்றேன்.